மறு ஆட்டம் இல்லாத கோப்பை

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள டாம்வொர்த் என்ற சிறு நகரத்துக்கு எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாவது சுற்றில் ஆட வந்திருந்தது டாட்டன்ஹாம். டாம்வொர்த் இருப்பது ஐந்தாவது அடுக்கான நேஷனல் லீக்கில். அதன் ஆட்டக்காரர்களுக்குக் கால்பந்து பகுதிநேர வேலைதான். கோல்கீப்பர் ஜஸ் சிங், வார நாட்களில் கட்டிடங்களை ஆய்வு செய்யும் சர்வேயர். மைதானத்தில் இருப்பது செயற்கைப் புல்; சுமார் 4,000 பேர்தான் நின்று பார்க்க முடியும். கோல் வலையில் இருந்த கிழிசலைச் சரிசெய்த பிறகுதான் ஆட்டத்தையே தொடங்க முடிந்தது.

தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது இரண்டு பக்கமும் கோல் இல்லை. டாம்வொர்த்தின் டாம் டாங்க்ஸ் பந்தைத் துண்டால் துடைத்து, எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கையாலும் நேராக கோல் முகப்புக்கே எறிந்துகொண்டிருந்தார். சில நாட்களுக்கு முன்புதான் டாட்டன்ஹாமுக்கு வந்து சேர்ந்திருந்த இளம் கோல்கீப்பர் கின்ஸ்கி, அந்தக் கூட்ட நெரிசலில் பந்தைப் பிடிக்கத் தடுமாறினார். அந்தப் பக்கம் ஜஸ் சிங், உலகக் கோப்பை ஆடியவர்களின் உதைகளைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

முந்தைய ஆண்டு வரை இருந்த விதிப்படி ஆட்டம் அங்கே முடிந்திருக்கும். பத்து நாள் கழித்து, 62,000 பேருக்கு மேல் அமரக்கூடிய டாட்டன்ஹாமின் ஸ்டேடியத்தில் மறு ஆட்டம் நடந்திருக்கும். இந்தக் கோப்பையில் டிக்கெட் வசூலை, செலவு போக, இரண்டு கிளப்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். தொலைக்காட்சிப் பணம் தனி. டாம்வொர்த் போன்ற ஒரு கிளப்புக்கு அந்த ஓர் இரவின் வருமானம் பல ஆண்டுச் செலவைத் தாங்கியிருக்கும். ஆனால், 2024-25 சீசனிலிருந்து மறு ஆட்டம் கிடையாது. அன்றைக்கே கூடுதலாக அரை மணி நேரம் ஆட வேண்டும். டாட்டன்ஹாம், சன் ஹியூங் மின்னையும் குலுசெவ்ஸ்கியையும் களமிறக்கியது. வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு வந்த கால்கள் அதற்கு மேல் தாங்கவில்லை. முதல் கோல் டாம்வொர்த்தின் தற்கோல். ஆட்டம் 3-0 என்று முடிந்தது.

இங்கிலாந்துக் கால்பந்தின் அந்த சீசனை நினைக்கும்போதெல்லாம், லிவர்பூலின் பட்டத்தைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. எந்தத் தவறும் செய்யாத ஓர் அணியின் கையிலிருந்து, அது உழைத்துச் சம்பாதித்த ஒன்றை ஒரு ஒப்பந்தம் பறித்துக்கொண்டது. அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதே என் கட்சி.

அந்த ஒப்பந்தம் 2024 ஏப்ரலில் வந்தது. எஃப்.ஏ. எனப்படும் கால்பந்துச் சங்கமும் பிரிமியர் லீக்கும் சேர்ந்து ஆறு ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதன்படி முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்கள் நீக்கப்பட்டன. பதிலுக்கு இறுதி ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் பிரிமியர் லீக் ஆட்டம் எதுவும் இருக்காது. சில சுற்றுகளுக்கு வார இறுதி முழுவதும் விடப்படும். அடித்தளக் கால்பந்துக்கு பிரிமியர் லீக் ஆண்டுக்குக் கூடுதலாக 3.3 கோடி பவுண்டு வரை தரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மறு ஆட்டத்தை நம்பி வாழ்ந்தவை கீழ் அடுக்குகளில் இருக்கும் கிளப்கள். இரண்டாவது முதல் நான்காவது அடுக்கு வரையிலான 72 கிளப்களின் அமைப்பான இ.எஃப்.எல்., இது இரண்டு தரப்பு மட்டும் பேசி முடித்த விஷயம் என்று பகிரங்கமாகவே சொன்னது. எல்லோருடனும் பேசினோம் என்றது எஃப்.ஏ. பறிகொடுத்தவர்கள் ஒரே குரலில் எதிர்த்ததையும், வாங்கிக்கொண்டவர்கள் வாயே திறக்காததையும் பார்த்தால், யார் சொல்வதை நம்புவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

1871-72-ல் தொடங்கிய கோப்பை இது, உலகிலேயே பழையது. தொடங்கிய நாளிலிருந்து, சமனில் முடிந்தால் திரும்ப ஆடுவது என்பது அதன் இயல்பு. 1979-ல் கோப்பையை வென்ற ஆர்சனல், ஷெஃபீல்டு வென்ஸ்டேயை மூன்றாவது சுற்றில் தாண்டுவதற்கே ஐந்து ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. இங்கிலாந்து ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஹெரிஃபோர்டு கதையும் மறு ஆட்டத்தின் கதைதான். முதல் நான்கு அடுக்குகளான லீக்கிலேயே இடமில்லாத அந்தக் கிளப் 1972-ல் நியூகாசிலுக்குப் போய் 2-2 என்று சமன் செய்தது. பிப்ரவரி 5 அன்று தன் சேற்று மைதானத்தில் நடந்த மறு ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்தது. ரானி ராட்ஃபோர்டு தொலைவிலிருந்து அடித்த கோலும், சிறுவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து ஓடியதும் இன்றும் தொலைக்காட்சியில் காட்டப்படுகின்றன. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அந்தக் கோலே இல்லை.

எக்ஸிடர் சிட்டியின் கதை இன்னும் நேரடியானது. கடனில் மூழ்கிய அந்தக் கிளப்பை 2003-ல் ரசிகர்களின் அறக்கட்டளை கையில் எடுத்தது. 2005 ஜனவரியில், ஐந்தாவது அடுக்கில் இருந்தபோது, ஓல்டு டிராஃபோர்டுக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெடை 0-0 என்று நிறுத்திவிட்டு வந்தது. எக்ஸிடரில் நடந்த மறு ஆட்டத்தில் ரொனால்டோவும் ரூனியும் கோல் அடிக்க, 2-0 என்று தோற்றது. தோற்றால் என்ன? அந்த இரண்டு ஆட்டங்களில் வந்த பணம்தான் கடன்காரர்களிடமிருந்து கிளப்பைக் காப்பாற்றியது. மூன்றே ஆண்டில் எக்ஸிடர் லீக்குக்குத் திரும்பியது. இன்றும் அது ரசிகர்களுக்குச் சொந்தமான கிளப்தான். அதே எக்ஸிடர், 2025 பிப்ரவரியில் நான்காவது சுற்றில் பிரிமியர் லீக்கின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு 2-2 என்று சமன் செய்தது. இருபது ஆண்டுக்கு முன் கிடைத்த இரண்டாவது ஆட்டம் இந்த முறை கிடைக்கவில்லை. அன்றிரவே பெனால்டியில் கணக்கு முடிக்கப்பட்டது. ஃபாரஸ்ட் அடுத்த சுற்றுக்குப் போனது.

மறுதரப்பில் சொல்வது ஆட்டக்காரர்களின் களைப்பை. அது பொய்யில்லை. முன்னணி அணியில் இருப்பவர் ஆண்டுக்கு அறுபது ஆட்டம் வரை ஆடுகிறார். தசைநார் கிழிந்து மாதக்கணக்கில் படுப்பவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால், அந்தச் சுமையை ஏற்றியது யார்? 2024-25-ல்தான் சாம்பியன்ஸ் லீக்கின் தொடக்கக் கட்டம் ஆறு ஆட்டத்திலிருந்து எட்டாக ஏறியது. சீசன் முடிந்த கையோடு, 2025 கோடையில் 32 அணிகளோடு கிளப் உலகக் கோப்பையை அமெரிக்காவில் நடத்தினார்கள். ஜூலை 13 அன்று செல்சி அதை வென்றது. பெரிய கிளப்கள் கோடையில் கடல் கடந்து காட்சி ஆட்டங்களும் ஆடுகின்றன. இவையெல்லாம் மேலே இருப்பவர்களுக்குப் பணம் கொண்டுவருபவை. அவற்றில் ஒன்றையும் யாரும் தொடவில்லை. ஜனவரியில் எப்போதாவது ஒரு முறை டாம்வொர்த்துக்கோ எக்ஸிடருக்கோ வாய்க்கும் ஒரு புதன்கிழமை இரவைத்தான் வெட்டினார்கள். தவிரவும், முதல் இரண்டு சுற்றுகளில் பிரிமியர் லீக் அணிகள் ஆடுவதே இல்லை. அந்தச் சுற்றுகளின் மறு ஆட்டத்தால் எந்தச் சர்வதேச நட்சத்திரத்தின் கால் வலிக்கும்?

கோப்பை செத்துப்போய்விட்டது, அதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று சொல்பவர்களுக்கு அந்த சீசனே நல்ல பதில் கொடுத்தது. மார்ச் 16, வெம்ப்ளி. மற்றோர் உள்நாட்டுக் கோப்பையான லீக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் லிவர்பூலை நியூகாசில் 2-1 என்று வென்றது. உள்நாட்டுக் கோப்பை ஒன்றை நியூகாசில் தூக்கியது 1955-க்குப் பிறகு அதுவே முதல் முறை. முதல் கோலைத் தலையால் முட்டியவர் டான் பர்ன். நியூகாசிலுக்குப் பக்கத்தில் பிளைத் என்ற ஊர்க்காரர். சிறுவயதில் நியூகாசில் கிளப்பின் பயிற்சி அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டவர். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளை அடுக்கும் வேலை பார்த்தவர். டார்லிங்டன் என்ற சிறு கிளப்பில் தொடங்கி, யோவில், பர்மிங்ஹாம், விகன், பிரைட்டன் என்று சுற்றி, 2022-ல் தன் சொந்த ஊர் அணிக்கு வந்து சேர்ந்தார். 32 வயதில் இங்கிலாந்து அணிக்கு முதல் அழைப்பு வந்தது அந்த இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான். அந்த மாதக் கடைசியில் நியூகாசில் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். பாட்டனும் பேரனும் சேர்ந்து அழுத கூட்டம் அது.

நியூகாசிலின் பெரும் பங்கு 2021 அக்டோபர் முதல் சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியத்திடம் இருக்கிறது. எழுபது ஆண்டு காத்திருந்தவர்களின் கண்ணீர் உண்மையானது என்பதற்காக, ஓர் அரசு தன் பெயரைக் கழுவிக்கொள்ள ஒரு கிளப்பை வாங்கலாம் என்று ஆகிவிடாது. அந்த மக்களுக்கு மகிழ்ச்சியோடு இந்தக் கேள்வியையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது. அது அவர்கள் கேட்டு வாங்கிய சுமை அல்ல.

மே 17 அன்று அதே வெம்ப்ளியில் கிரிஸ்டல் பேலஸ் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. 1905-ல் தொடங்கிய கிளப்புக்கு முதல் பெரிய கோப்பை. 16-வது நிமிடத்தில் எபரெச்சி எஸெ அடித்த கோல் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஓமர் மர்மூஷின் பெனால்டியை டீன் ஹெண்டர்சன் பாய்ந்து தடுத்தார். அதற்குச் சற்று முன் ஹெண்டர்சன் தன் எல்லைக்கு வெளியே பந்தைக் கையால் தட்டியதற்கு அவரை வெளியேற்றியிருக்க வேண்டும் என்று சிட்டி தரப்பு வாதாடியது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், ஆட்டத்தின் பெரும்பகுதி பந்தைத் தொடாமலேயே அடைத்து நின்ற அந்த அணியின் பொறுமைக்கும், பயிற்சியாளர் ஆலிவர் கிளாஸ்னரின் திட்டத்துக்கும் அது தகுதியான பரிசு. பேலஸ் ரசிகர்களுக்கு மறு ஆட்டத்தின் கசப்பும் தெரியும். 1990 இறுதியில் மான்செஸ்டர் யுனைடெடோடு 3-3 என்று சமன் செய்து, மறு ஆட்டத்தில் 1-0 என்று தோற்றவர்கள் அவர்கள். அதற்காக அந்த மறு ஆட்டமே இருந்திருக்கக் கூடாது என்று அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1999-லும் 2010-லும் திவாலின் விளிம்புக்குப் போய்த் திரும்பிய கிளப் அது.

அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு நடந்தவைதான் நெஞ்சை அறுக்கின்றன. கோப்பை வென்ற பேலஸுக்கு யூரோப்பா லீக்கில் இடம் கிடைத்திருக்க வேண்டும். ஆனால், அதன் பங்குதாரர் ஜான் டெக்ஸ்டருக்கு பிரான்ஸின் லியோன் கிளப்பும் சொந்தம் என்பதால், ஒருவர் கையில் பல கிளப் இருக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஏஃபா அதை மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கியது. ஆகஸ்டில் விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் பேலஸின் முறையீட்டைத் தள்ளியது. விதி தேவையானது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், மைதானத்தில் வென்றதை ஒரு பங்குப் பத்திரம் பறிக்கும்போது, தண்டனை ஆட்டக்காரருக்கும் ரசிகருக்கும்தான் போய்ச் சேர்கிறது. முதலாளி பங்கை விற்றுவிட்டுப் போய்விடுகிறார். அதே கோடையில் எஸெயை ஆர்சனல் வாங்கியது. பதின்மூன்று வயதில் அவரை வேண்டாம் என்று அனுப்பிய அதே ஆர்சனல். நியூகாசிலின் இரண்டாவது கோலை அடித்த அலெக்சாண்டர் இசாக்கை, அந்த இறுதியில் தோற்ற லிவர்பூலே 12.5 கோடி பவுண்டு கொடுத்து எடுத்துக்கொண்டது. கோப்பை கீழே போகும். நாயகர்கள் மேலே போய்விடுவார்கள்.

லீக் பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அர்னே ஸ்லாட் தன் முதல் சீசனிலேயே லிவர்பூலுக்கு 20-வது பட்டத்தைப் பெற்றுத் தந்தார். ஏப்ரல் 27 அன்று, நான்கு ஆட்டம் மீதமிருக்கும்போதே, டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து முடித்துவிட்டார்கள். சாலா 29 கோல் அடித்தார். 2020-ல் வென்றபோது நோய்த்தொற்றால் மைதானம் காலியாக இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு ரசிகர்கள் கண்முன்னே வென்ற பட்டம் என்பதே அதன் அழகு. எனக்கு அதைவிடப் பிடித்தது, பிப்ரவரி 9 அன்று இரண்டாவது அடுக்கின் கடைசி இடத்தில் கிடந்த பிளிமத், பிரிமியர் லீக்கின் முதலிடத்தில் இருந்த இந்த லிவர்பூலை ரயன் ஹார்டியின் பெனால்டியால் 1-0 என்று கோப்பையிலிருந்து வெளியேற்றியது. அந்த வெற்றி பிளிமத்தைக் காப்பாற்றவில்லை. மே மாதம் அது மூன்றாவது அடுக்குக்கு இறங்கியது. ஆனால், அந்த ஊரில் அந்த ஞாயிறை யாரும் மறக்கப்போவதில்லை.

ஏறுவதும் இறங்குவதும்தான் இங்கிலாந்துக் கால்பந்தின் உயிர். இருபது அணி கொண்ட பிரிமியர் லீக்குக்குக் கீழே இருபத்துநான்கு அணிகளாக மூன்று அடுக்கு, அதற்கும் கீழே நேஷனல் லீக், பிறகு வட்டாரம் வட்டாரமாக இறங்கிப் போகும் ஏணி. எந்த ஊர் அணியும் என்றாவது ஒருநாள் உச்சிக்குப் போகலாம் என்பது அதன் வாக்குறுதி. அந்த ஏணியின் மேல்படி உடைந்துகொண்டிருக்கிறது. 2023-24-ல் மேலே ஏறிய லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் மூன்றும் அந்த ஆண்டே இறங்கின. 2024-25-ல் ஏறிய லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றும் அதேபோல் இறங்கின. சவுத்தாம்ப்டன் 38 ஆட்டத்தில் எடுத்தது 12 புள்ளி. ஏழு ஆட்டம் மீதமிருக்கும்போதே இறக்கம் உறுதியானது. பிரிமியர் லீக் வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் யாரும் இறங்கியதில்லை. இந்த மூன்றும் இறங்கும் அளவுக்கு மோசமாக இருந்ததால்தான், 38 புள்ளியோடு 17-வது இடத்தில் முடித்த டாட்டன்ஹாமுக்கு ஆபத்தே வரவில்லை. அதே டாட்டன்ஹாம், 15-வது இடத்தில் இருந்த மான்செஸ்டர் யுனைடெடை பில்பாவோவில் 1-0 என்று வென்று, யூரோப்பா லீக் கோப்பையையும் சாம்பியன்ஸ் லீக் இடத்தையும் பெற்றது. லீக்கில் தத்தளித்த அணிக்கு ஐரோப்பாவின் கதவு திறந்திருக்கிறது. கீழேயிருந்து வந்தவனுக்கு ஓராண்டுக்கு மேல் நிற்க இடம் கிடைக்கவில்லை.

காரணம் பணம். அந்த சீசனில் கடைசி இடத்தில் வந்த அணிக்குக்கூட தொலைக்காட்சி முதலான பொது வருவாயிலிருந்து 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. இ.எஃப்.எல்.-ன் 72 கிளப்களும் சேர்ந்து விற்ற உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையின் மதிப்பு ஐந்து ஆண்டுக்கு 93.5 கோடி. 2025-26 முதல் நான்கு ஆண்டுகளுக்கு பிரிமியர் லீக்கின் உள்நாட்டு உரிமை மட்டும் 670 கோடி. மேலிருந்து இறங்கும் அணிக்கு, விழும்போது அடிபடாமல் இருக்க என்று மூன்று ஆண்டு வரை ஒரு தொகை தருகிறார்கள்: சமப் பங்கில் முதல் ஆண்டு 55 விழுக்காடு, பிறகு 45, பிறகு 20. இறங்கியவனுக்கு ஆறுதலாக இருக்கும் இந்தத் தொகைதான் அவனோடு மோதும் மற்ற இரண்டாம் அடுக்கு அணிகளை நசுக்குகிறது. 2024-25-ல் லீட்ஸும் பர்ன்லியும் ஆளுக்கு நூறு புள்ளி எடுத்தன. பர்ன்லி 46 ஆட்டத்தில் வாங்கியது வெறும் 16 கோல். அருமையான தற்காப்புதான், மறுக்கவில்லை. ஆனால், அந்த இரண்டு கிளப்களும் அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டிருந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கீழ் அடுக்குகளில்தான் அந்த சீசனின் நல்ல ஆட்டமெல்லாம் இருந்தது என்பேன். மே 3, பிராட்ஃபோர்டு. நான்காவது அடுக்கின் கடைசி நாள். 96-வது நிமிடத்தில் அன்டோனி சார்செவிச் பந்தை வலைக்குள் தள்ளியபோது பிராட்ஃபோர்டு சிட்டி மேலே ஏறியது. அதே நேரம் க்ரூவில் தன் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு, ஏறிவிட்டோம் என்று காத்து நின்ற வால்சால் ஆட்டக்காரர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சீசனின் நடுவில் யாரும் தொட முடியாத தூரத்தில் முன்னிலையில் இருந்த அணி அது. மே 26 அன்று வெம்ப்ளியில், மேலே ஏறக் கடைசி வாய்ப்பான பிளே-ஆஃப் இறுதியிலும் ஏ.எஃப்.சி. விம்பிள்டனிடம் 1-0 என்று தோற்றது.

விம்பிள்டனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. தங்கள் கிளப்பை முதலாளிகள் மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, 2002-ல் ரசிகர்களே புதிதாகத் தொடங்கிய அணி அது. ஏணியின் அடியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறிவந்தது. 2024 ஆகஸ்டில் லீக் கோப்பையில், அப்போது பிரிமியர் லீக்கில் இருந்த இப்ஸ்விச்சைப் பெனால்டியில் வீழ்த்தியது. அடுத்து நியூகாசிலைத் தன் மைதானத்தில் சந்திக்க இருந்தபோது, செப்டம்பர் மழையில் வாண்டில் ஆறு பெருகி, பிளவ் லேன் மைதானத்தின் ஒரு மூலையில் தரை உள்வாங்கிப் பெரும் பள்ளம் விழுந்தது. ஆட்டத்தை நியூகாசிலுக்கே மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே ஒரேயொரு பெனால்டி கோலில் தோற்றார்கள். அந்த நியூகாசில்தான் பிறகு கோப்பையைத் தூக்கியது. பள்ளத்தை மூடி, புல்லைத் திரும்பப் போட்டு, அதே சீசனில் மேலும் ஒரு அடுக்கு ஏறினார்கள். கிளப்பைக் கொண்டுபோன மில்டன் கீன்ஸ் அணி அந்த ஆண்டு நான்காவது அடுக்கிலேயே, அடிமட்டத்துக்கு அருகில் கிடந்தது. கால்பந்தில் நியாயம் தாமதமாகவாவது வரும் என்று நம்ப விரும்புகிறவர்களுக்கு இது போதும்.

சிறு கிளப்களும் கோப்பையின் தொடக்கச் சுற்றுகளும் எதற்கு என்று கேட்கிற தமிழ் வாசகருக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும்: விமல் யோகநாதன். 2006-ல் வேல்ஸில் பிறந்தவர். இலங்கைத் தமிழ்க் குடும்பம். மூன்றாவது அடுக்கில் இருக்கும் பார்ன்ஸ்லிக்காக 2024 ஆகஸ்டில், லீக் கோப்பையின் முதல் சுற்றில் விகனுக்கு எதிராக இறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். பதினெட்டு வயது இளைஞனைப் பயிற்சியாளர் துணிந்து இறக்கிப் பார்ப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சுற்றுகளில்தான். ஆட்டங்களைக் குறைத்துக்கொண்டே போனால் முதலில் குறைவது இந்த வாய்ப்புகள்.

ஐந்தாவது அடுக்கின் கணக்கோ இன்னும் கொடுமை. அங்கிருந்து ஆண்டுக்கு இரண்டு அணிதான் மேலே போகலாம். அதில் ஒன்று பிளே-ஆஃப் வழியாக. 2024-25-ல் பார்னெட் முதலிடம் பிடித்து ஏறியது. 96 புள்ளி எடுத்து இரண்டாவது வந்த யார்க் சிட்டி, ஐந்தாவதாக வந்த ஓல்டாமிடம் அரையிறுதியில் 3-0 என்று தோற்று அங்கேயே நின்றுவிட்டது. ஓல்டாம்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1992-ல் பிரிமியர் லீக்கைத் தொடங்கிய அணிகளில் ஒன்றாக இருந்து, லீக்கை விட்டே வெளியே விழுந்து, திரும்பி வந்திருக்கும் கிளப் அது. ஆனால், மூன்று பேர் ஏறட்டும் என்று நேஷனல் லீக் கிளப்கள் சேர்ந்து கேட்பதை மறுக்க ஒரு நல்ல காரணத்தை நான் இதுவரை கேட்கவில்லை. மற்ற அடுக்குகளில் மூன்றோ நான்கோ ஏறும்போது இங்கே மட்டும் ஏன் இரண்டு?

கிளப்பை நடத்துகிறவர்களின் பொறுப்பின்மை வேறு. நான்காவது அடுக்கிலிருந்து இறங்கிய மோர்கேம்பில் சம்பளம் நின்றது. 2025 ஜூலைக் கடைசியில் நேஷனல் லீக் அதை இடைநீக்கம் செய்தது. ஆகஸ்டில் பஞ்சாப் வாரியர்ஸ் என்ற குழு வாங்கியதால் உயிர் பிழைத்தது. சீசனின் முதல் ஆட்டங்களை அதனால் ஆடவே முடியவில்லை. 1867-ல் தொடங்கிய ஷெஃபீல்டு வென்ஸ்டேயில் ஆட்டக்காரர் சம்பளம் திரும்பத் திரும்பத் தாமதமாகி, அக்டோபரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போய், 12 புள்ளி பறிக்கப்பட்டது. பெண்கள் கால்பந்தில் செல்சி ஓர் ஆட்டமும் தோற்காமல் லீக்கையும் இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளையும் எடுத்த அதே சீசனின் முடிவில், பிளாக்பர்ன் ரோவர்ஸ் தன் பெண்கள் அணியை இரண்டாவது அடுக்கிலிருந்து விலக்கிக்கொண்டது. அதற்கான செலவைச் செய்ய முதலாளிகளுக்கு மனமில்லை.

2019 ஆகஸ்டில் பரி என்ற பழைய கிளப் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டபோது எழுந்த கோபமும், 2021 ஏப்ரலில் ஆறு பெரிய கிளப்கள் தனியாகப் பிரிந்து ஐரோப்பிய சூப்பர் லீக் தொடங்க முயன்றபோது எழுந்த கோபமும் சேர்ந்து ஒரு சட்டமாயின. 2025 ஜூலை 21 அன்று அரச ஒப்புதல் பெற்ற கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி, முதல் ஐந்து அடுக்கின் 116 கிளப்களுக்கும் உரிமம் வழங்கும் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வந்திருக்கிறது. முதலாளிகளைச் சோதிக்கவும், பிரிமியர் லீக்கும் இ.எஃப்.எல்.-உம் பணப் பங்கீட்டில் உடன்படாவிட்டால் கடைசியில் தலையிட்டு முடிவு செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. நல்ல தொடக்கம். அந்தக் கடைசி அதிகாரத்தை அது சீக்கிரமே பயன்படுத்த வேண்டும். கீழே இறங்கியவனுக்குத் தரும் தொகையை வெட்டி, 72 கிளப்களுக்கும் பரவலாகப் பிரித்துக் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம்.

ஆனால், போட்டியின் விதிகள் அந்த அமைப்பின் எல்லைக்குள் வருவதில்லை. மறு ஆட்டத்தைத் திருப்பித் தர அதனால் முடியாது, எஃப்.ஏ. மட்டுமே முடியும். ஆறு ஆண்டு ஒப்பந்தம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பிரிமியர் லீக் அணிகளே இல்லாத முதல் இரண்டு சுற்றுகளில் அடுத்த சீசனிலேயே மறு ஆட்டத்தைக் கொண்டுவரலாம். மூன்றாவது சுற்றில், கீழ் அடுக்கு அணி தன் மைதானத்தில் மேல் அடுக்கு அணியைச் சமனில் நிறுத்தினால், இரண்டாவது ஆட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கீழ் அடுக்கு அணியே முடிவு செய்யட்டும். பெரிய கிளப்களுக்கு நாள் இல்லை என்றால், அந்த ஆட்டத்தில் வந்திருக்கக்கூடிய வசூலின் பாதியை அவர்களே டாம்வொர்த்துக்கு எழுதிக் கொடுக்கட்டும்.